குருதி, பெயர், பண்டம்: சிறுதட்டுச் செறிவுத் திரவவிழையத் தயாரிப்பில் காணப்படும் வேறுபாடுகள் பற்றிய ஒரு குறிப்பு

இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட நாம் மருத்துவம் சார்ந்த பொருளொன்று குறித்து எழுத முற்படுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், விஞ்ஞானமும் ஒரு சமூகச் செயற்பாடே என்பதை ஏற்றுக்கொள்வோர்க்கு இம்முயற்சி அந்நியமாகத் தோன்றாது. ஒரு பெயருக்கும் அப்பெயராற் சுட்டப்படும் பொருளுக்கும் இடையிலுள்ள உறவு எவ்வாறு வரலாற்றினாலும் பொருளாதார நலன்களாலும் நிர்ணயிக்கப்படுகின்றது என்ற வினா இலக்கிய ஆய்வாளனுக்கும் உரிய வினாவாகும். இன்றைய மருத்துவத்தில் அவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பும் உதாரணங்களுள் ஒன்று, சிறுதட்டுச் செறிவுத் திரவவிழையம் என நாம் தமிழிற் குறிப்பிடக்கூடிய ‘பிளேற்லெற் றிச் பிளாஸ்மா’ ஆகும். மருத்துவ உலகம் இதனைப் பி.ஆர்.பி. என்னும் மூன்றெழுத்தாற் சுருக்கி வழங்குகின்றது. நாமும் வசதி கருதி அச்சுருக்கத்தையே இங்குப் பயன்படுத்துவோம்.

இக்கட்டுரையின் நோக்கம் பி.ஆர்.பி. பயனுடையதா, பயனற்றதா எனத் தீர்ப்பு வழங்குவதன்று. அவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைப்பதற்கு ஏன் இத்தனை காலம் பிடிக்கின்றது என்பதை விளக்குவதே எமது நோக்கமாகும். சுருங்கக் கூறின், ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு பொருள்கள் தயாரிக்கப்பட்டு, வெவ்வேறு நோயாளர்க்குச் செலுத்தப்பட்டு, ஒரே பெயரின் கீழ் விலைபோகின்றன. இதன் காரணங்களுட் சில குருதியின் இயல்பிலும், சில பொறிகளின் இயல்பிலும், சில சமூக அமைப்பின் இயல்பிலும் உள்ளன. இம்மூன்றையும் பிரித்தறிவது அவசியமாகும்.

1. பொருளும் அதன் வரலாறும்

மனிதக் குருதியில் செங்குழியங்கள், வெண்குழியங்கள், சிறுதட்டுகள் ஆகியன திரவவிழையத்தில் மிதக்கின்றன. சிறுதட்டுகள் முழுமையான கலங்கள் அல்ல. என்புமச்சையிலுள்ள பெருங்கலங்களினின்று உடைந்து பிரியும் கருவற்ற துணுக்குகளே அவை. ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் வரையே அவை வாழ்கின்றன. குருதி உறைவதற்கு உதவுவதே அவற்றின் தொழில் என நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர், அவற்றின் உள்ளேயிருக்கும் நுண்மணிகளில் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள் பல சேமிக்கப்பட்டுள்ளமை அறியப்பட்டது. காயம் ஏற்படும்போது சிறுதட்டுகள் தூண்டப்பட்டு இப்புரதங்களை வெளியிடுகின்றன. அவை அயலிலுள்ள கலங்களைப் பெருகவும், புதிய குருதிக் குழாய்களைத் தோற்றுவிக்கவும் தூண்டுகின்றன.

இவ்வறிவினின்று எழுந்த எண்ணம் எளிமையானது. ஒருவரின் குருதியை எடுத்து, அதிலுள்ள சிறுதட்டுகளைச் சிறிய அளவுத் திரவத்திற் செறித்து, அவரது பழுதுற்ற இழையத்திற் செலுத்தினால், இயற்கையான ஆறுதல் விரைவுபடலாம் அல்லவா? சொந்தக் குருதியாதலின் உடல் அதனை நிராகரிக்காது. பிறரது நோய் தொற்றும் அச்சமும் குறைவு.

சிறுதட்டுச் செறிவுத் திரவவிழையம் என்ற சொற்றொடர் முதலில் குருதியியல் துறையிலேயே வழங்கிற்று. சிறுதட்டுக் குறைபாடுடைய நோயாளர்க்கு ஏற்றப்படும் பொருளையே அது குறித்தது. அதனை இழையப் புத்தாக்கத்தின் சொல்லாக மாற்றியதில், அமெரிக்காவின் மயாமியைச் சேர்ந்த தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர் றொபேட் மார்க்ஸ் என்பாரும் அவர்தம் சகாக்களும் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. (பெயரொற்றுமை தற்செயலானதே.) தாடை என்பிற் குறைபாடுடைய 88 நோயாளரை ஆராய்ந்த அவர்கள், என்பு ஒட்டுடன் பி.ஆர்.பி. சேர்க்கப்பட்டவிடத்து என்பு விரைவாக முதிர்ந்து செறிவுற்றதாக அறிவித்தனர். அதன்பின் இம்முறை பல் மருத்துவத்தினின்று மூட்டு மருத்துவத்துக்கும், விளையாட்டு மருத்துவத்துக்கும், ஆறாப் புண்களுக்கும், இறுதியில் முடியுதிர்வுக்கும் முகப்பொலிவுக்கும் பரவிற்று. பொருள் திட்டவட்டமாக வரையறுக்கப்படுமுன்னரே அதன் சந்தை விரிந்துவிட்டமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

2. வேறுபாட்டின் ஊற்றுக்கள்

பி.ஆர்.பி. தயாரிப்பு, பார்வைக்கு எளிய வேலையே. கை நாளத்திலிருந்து குருதி எடுக்கப்படுகின்றது. அது உறையாதிருக்கும் பொருட்டு உறைதல் எதிர்ப்பொருள் ஒன்று சேர்க்கப்படுகின்றது. பின்னர் மையநீக்கப் பொறியில் இட்டுச் சுழற்றப்படுகின்றது. பாரம் மிக்க செங்குழியங்கள் அடியிற் படிய, மேலே மஞ்சள் நிறத் திரவவிழையம் தெளிந்து நிற்கும். இரண்டுக்கும் இடையே வெண்குழியங்கள் மெல்லிய வெளிர்ப் படலமாகத் தோன்றும். இப்படலத்திலும் அதற்கு அண்மையிலும் சிறுதட்டுகள் செறிந்திருக்கும். சில முறைகளில் மேற்பகுதி மட்டும் எடுக்கப்படுகின்றது. வேறு சிலவற்றில் அது இரண்டாவது முறையாக மேலும் வேகமாகச் சுழற்றப்பட்டு, அடியிற் படியும் சிறுதட்டுகள் சிறிதளவு திரவத்திற் கலக்கப்படுகின்றன. விரும்பின், கல்சியங் குளோரைட்டு அல்லது துரோம்பின் சேர்த்துச் சிறுதட்டுகளைத் தூண்டிவிடுவர். அதன்பின் ஊசிமூலம் செலுத்துவர்.

இவ்வொவ்வொரு படியிலும் வேறுபாடு புகுவதற்கு வழியுண்டு.

முதலாவது, மூலப்பொருளின் வேறுபாடு. ஆரோக்கியமான மனிதரிடத்தே ஒரு மைக்கிரோலீற்றர் குருதியிலுள்ள சிறுதட்டுகளின் எண்ணிக்கை 150,000 முதல் 450,000 வரை எனக் கொள்ளப்படுகின்றது. அதாவது, நோய் எதுவும் இல்லாத இருவரிடையேகூட மும்மடங்கு வேறுபாடு இருக்கலாம். வயது, உண்ணும் மருந்துகள், அண்மையில் மேற்கொண்ட உடற்பயிற்சி முதலியனவும் சிறுதட்டுகளின் எண்ணிக்கையையோ செயற்றிறனையோ பாதிக்கின்றன. அஸ்பிரின் போன்ற மருந்துகள் அவற்றின் தூண்டற் பேற்றைக் குறைப்பன. ஒரே மனிதரிடமிருந்து ஒரே முறையால் வெவ்வேறு வேளைகளிற் பெறப்பட்ட பி.ஆர்.பி.யும் ஒத்திருப்பதில்லை என்பதை 2012இல் மசோக்கா முதலியோர் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

இரண்டாவது, உறைதல் எதிர்ப்பொருள். சித்திரேற்றை அடிப்படையாகக் கொண்ட கரைசல்கள் பெரும்பாலும் பயன்படுகின்றன. சாதாரண குருதிச் சோதனைக் குழாய்களிற் காணப்படும் ஈ.டி.ரி.ஏ. என்னும் பொருள் சிறுதட்டுகளின் அமைப்பைப் பாதிக்கும் எனக் கருதப்படுவதால், அதனைப் பலர் தவிர்க்கின்றனர். எனினும் எல்லாரும் தவிர்க்கின்றனர் எனக் கூறவியலாது.

மூன்றாவது, சுழற்சி. கட்டுரைகள் பலவற்றில் ‘நிமிடத்துக்கு 3000 சுழற்சி’ என்றே குறிக்கப்படுகின்றது. இக்குறிப்பு போதிய பொருளற்றது. ஏனெனில், கலங்களின் மீது தொழிற்படும் விசை சுழற்சி வேகத்தை மட்டுமன்றிப் பொறியின் ஆரையையும் பொறுத்தது. ஆரை 10 சென்ரிமீற்றராயின், 3000 சுழற்சியில் எழும் விசை புவியீர்ப்பின் ஏறத்தாழ ஆயிரம் மடங்காகும்; ஆரை 15 சென்ரிமீற்றராயின் அது ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு மடங்காகிவிடும். ஆகவே, ஓர் ஆய்வுகூடத்தின் ‘3000’ மற்றோர் ஆய்வுகூடத்தின் ‘3000’ அன்று. பொறியை நிறுத்தும்போது தடுப்பு இடப்பட்டதா, வெப்பநிலை யாது, குழாயின் வடிவம் யாது என்பனவும் விளைவை மாற்றக்கூடியன.

நான்காவது, எந்தப் படலத்தை எவ்வளவு எடுப்பது என்பது. இது பெரும்பாலும் கையின் தேர்ச்சியிலும் கண்ணின் மதிப்பீட்டிலும் தங்கியுள்ளது. வெளிர்ப் படலத்தை அணுக அணுகச் சிறுதட்டுகள் கூடும். உடன் வெண்குழியங்களும் கூடும். வெண்குழியங்கள் கிருமிகளை எதிர்ப்பன என்பது அவற்றை விரும்புவோரின் வாதம். அவை அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் இழையத்தைச் சிதைக்கும் நொதியங்களையும் வெளியிடுவன என்பது அவற்றை விலக்குவோரின் வாதம். இரு சாராரும் தத்தம் பொருளைப் பி.ஆர்.பி. என்றே அழைத்துவந்தனர்.

ஐந்தாவது, தூண்டலும் காலமும். துரோம்பின் சேர்த்தால் சிறுதட்டுகள் விரைவில் தம் சேமிப்பை வெளியிட்டுவிடும். சேர்க்காவிடில், இழையத்திலுள்ள கொலாஜன் முதலியவற்றால் அவை மெல்லத் தூண்டப்படும். தயாரித்ததற்கும் செலுத்தியதற்கும் இடையே கழிந்த நேரமும் ஒரு காரணியே.

3. ஓர் எளிய கணக்கு

இவ்வேறுபாடுகள் நடைமுறையில் எத்துணைப் பெரியன என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். எமது கணக்கு உதாரணத்துக்கெனக் கொண்ட எண்களால் ஆயது.

முதலாம் நோயாளருக்கு ஒரு மைக்கிரோலீற்றரில் 450,000 சிறுதட்டுகள் உள்ளன எனக் கொள்வோம். அவரிடமிருந்து 60 மில்லிலீற்றர் குருதி எடுக்கப்படுகின்றது. அதில் மொத்தம் 2700 கோடி சிறுதட்டுகள் இருக்கும். தயாரிப்பில் நூற்றுக்கு அறுபது வீதம் மீட்கப்பட்டால் 1620 கோடி கிடைக்கும். இரண்டாம் நோயாளருக்கு 150,000 சிறுதட்டுகளே உள்ளன. அவரிடமிருந்து சிறிய குழாயொன்றில் 10 மில்லிலீற்றர் மட்டும் எடுக்கப்படுகின்றது. மொத்தம் 150 கோடி. அதே அறுபது வீதம் மீட்கப்பட்டால் 90 கோடி. இருவரும் ‘பி.ஆர்.பி. ஊசி’ பெற்றதாகவே பதிவேட்டில் எழுதப்படும். ஆனால், ஒருவர் பெற்றது மற்றவர் பெற்றதன் பதினெட்டு மடங்கு.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. முதலாமவரின் சிறுதட்டுகள் 6 மில்லிலீற்றரிலும், இரண்டாமவரின் சிறுதட்டுகள் 1 மில்லிலீற்றரிலும் செறிக்கப்பட்டன எனின், இரண்டு தயாரிப்புகளுமே ‘குருதியின் ஆறு மடங்கு செறிவு’ என விளம்பரஞ் செய்யப்படலாம். அது பொய்யன்று. எனினும், அந்த ‘ஆறு மடங்கு’ என்ற விகிதம் உண்மையான அளவை மறைத்துவிடுகின்றது. வெவ்வேறு வணிகக் கருவிகள் ஏறத்தாழ இரு மடங்கில் தொடங்கி எட்டு மடங்கு வரையான செறிவுகளைத் தருவதையும் இங்குச் சேர்த்து நோக்கின், ஒரு மருந்தின் அளவு குறித்து வழக்கமாக நாம் எதிர்பார்க்கும் திட்டம் இத்துறையில் இல்லாமை புலப்படும். பரசிற்றமோல் மாத்திரையொன்றில் பதினெட்டு மடங்கு வேறுபாடு இருப்பதை எந்த நாட்டுச் சட்டமும் பொறுத்துக்கொள்ளாது.

4. பெயரிடும் முயற்சிகள்

இக்குழப்பத்தை மருத்துவர்கள் உணராமல் இல்லை. 2001இலேயே மார்க்ஸ், எது பி.ஆர்.பி., எது பி.ஆர்.பி. அன்று என்ற வினாவை எழுப்பி, 5 மில்லிலீற்றர் திரவத்தில் மைக்கிரோலீற்றருக்குப் பத்து இலட்சம் சிறுதட்டுகள் என்னும் ஒரு செயன்முறை வரையறையை முன்வைத்தார். அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே ஸ்பெயினில் அனிற்றுவா என்பார் வெண்குழியங்களை விலக்கி, குறைந்த செறிவுடைய ஒரு தயாரிப்பைத் தனிப் பெயருடன் அறிமுகஞ் செய்திருந்தார். 2001இல் பிரான்சில் சுக்குறூன் என்பார், உறைதல் எதிர்ப்பொருள் எதனையும் சேர்க்காது, குருதியை எடுத்தவுடன் சுழற்றி, உறைந்த பைபிரின் வலையாகவே பெறும் முறையொன்றை வகுத்தார். குருதிசார் பொருள்களைக் கையாள்வதில் பிரெஞ்சுச் சட்டம் விதித்திருந்த கட்டுப்பாடுகளும் இம்முறையின் தோற்றத்துக்குப் பின்னணியாயின. ஒரு தொழினுட்பத்தின் வடிவத்தை உடற்றொழிலியல் மட்டுமன்றிச் சட்டமும் தீர்மானிக்கின்றது என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

2009இல் டோகான் எரென்பெஸ்ற் முதலியோர் வெண்குழியம் உளதா இலதா, பைபிரின் வலை உளதா இலதா என்ற இரு அளவைகளைக் கொண்டு இத்தயாரிப்புகளை நால்வகைப்படுத்தினர். 2012இல் சிறுதட்டு, தூண்டல், வெண்குழியம் ஆகிய மூன்றையும் குறிக்கும் வகைப்பாடும், 2016இல் மொத்த அளவு, மீட்சித் திறன், தூய்மை, தூண்டல் ஆகிய நான்கையும் குறிக்கும் வகைப்பாடும் முன்வைக்கப்பட்டன. 2017இல் இத்தகைய ஆய்வுகள் கட்டாயமாகத் தெரிவிக்கவேண்டிய குறைந்தபட்சத் தகவல்களின் பட்டியலொன்று வெளியாயிற்று. வகைப்பாடுகள் பெருகின, ஆனால் அவற்றைப் பின்பற்றும் வழக்கம் அவ்வேகத்திற் பெருகவில்லை. 2017இல் சாலா முதலியோர் மூட்டு மருத்துவத்தில் வெளிவந்த 105 ஆய்வுகளைப் பரிசீலித்தபோது, பிறர் மீளச் செய்துபார்க்கத்தக்க வகையில் தயாரிப்பு முறையை விவரித்தவை நூற்றுக்குப் பத்து வீதமளவே எனக் கண்டனர். இறுதிப் பொருளில் என்ன, எவ்வளவு இருந்தது என எண்களாற் கூறியவை பதினாறு வீதமே.

இவ்விடத்தில் எமது துறையின் அனுபவம் ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். ஏடுகளினின்று பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபடுவதை எதிர்கொண்டனர். வேறுபாடு இருப்பது குற்றமன்று. எழுத்தாளர் கையினாற் பெயர்த்தெழுதும் சமூகத்தில் அது தவிர்க்கவியலாதது. வேறுபாட்டை மறைப்பதே குற்றம். எந்த ஏட்டில் எந்தப் பாடம் எனக் குறித்துவைக்கும்போது, பின்வருவோர் தாமே ஒப்பிட்டு முடிவுசெய்ய வழி பிறக்கின்றது. பி.ஆர்.பி. ஆய்வுகளிற் பெரும்பாலானவை பாடபேதங் குறிக்கப்படாத பதிப்புகளை ஒத்தன.

5. முடிவுகள் ஏன் முரண்படுகின்றன?

2010இல் நெதர்லாந்தில் பீர்பூம்ஸ் முதலியோர், முழங்கையின் வெளிப்புறத் தசைநாண் வலியுடைய 100 பேரிடம் செய்த எழுமாற்றுச் சோதனையில், ஓராண்டின் பின் ஸ்ரெரொயிட்டு ஊசியைவிடப் பி.ஆர்.பி. மேலானது எனக் கண்டனர். அதே ஆண்டில், அதே நாட்டில், டி வொஸ் முதலியோர் குதிகால் தசைநாண் நோயுடைய 54 பேரிடம் செய்த சோதனையில், பி.ஆர்.பி. வெறும் உப்புக் கரைசலைவிட மேலானதன்று எனக் கண்டனர். 2021இல் அவுஸ்திரேலியாவில் முழங்கால் மூட்டுத் தேய்வுடைய 288 பேரிடம் நடத்தப்பட்ட பெருஞ் சோதனையில், வாரமொன்றாக மூன்று ஊசிகள் செலுத்தப்பட்டன. ஓராண்டின் பின் வலியிலோ கசியிழையத்தின் அளவிலோ உப்புக் கரைசலினின்று குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

நோயும் இடமும் ஒப்பீட்டுப் பொருளும் வேறாதலின் இம்முடிவுகள் வேறுபடுதல் இயல்பே எனலாம். ஆனால், வாதம் அத்துடன் நிற்பதில்லை. அவுஸ்திரேலிய முடிவு வெளிவந்ததும், அங்குப் பயன்பட்ட தயாரிப்பிற் சிறுதட்டுச் செறிவு குறைவு, ஆதலின் அது உரிய பி.ஆர்.பி. அன்று என்ற மறுப்பு எழுந்தது. இம்மறுப்பில் உண்மை இருக்கலாம். போதிய அளவு சிறுதட்டுகள் சென்றால்தான் பயன் உண்டு என்பதற்கு ஆதரவான ஆய்வுகளும் உள்ளன. செறிவு அளவு மீறினாற் கலப் பெருக்கம் குன்றுவதாகக் காட்டும் ஆய்வுகூடச் சோதனைகளும் உள்ளன. ஆயினும், இம்மறுப்பின் தருக்க அமைப்பை நாம் கவனிக்கவேண்டும். வெற்றிபெற்ற சோதனை ‘பி.ஆர்.பி.’யின் வெற்றியாக எண்ணப்படுகின்றது. தோல்வியுற்ற சோதனை ‘அந்தத் தயாரிப்பின்’ தோல்வியாக ஒதுக்கப்படுகின்றது. பெயர் வெற்றிகளையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு அகன்றும், தோல்விகளையெல்லாம் விலக்கும் அளவுக்குக் குறுகியும் அமைகின்றது. எந்தச் சான்றாலும் மறுக்கவொண்ணாத கூற்று விஞ்ஞானக் கூற்றாகாது. வேறுபாடு இங்கு வெறும் தொழினுட்பக் குறையன்று. அது ஒரு கருத்தியற் பணியையும் ஆற்றுகின்றது.

இதன் சுமையைத் தாங்குவோர் யார்? முழங்கையின் அந்நோயை ‘ரெனிஸ் முழங்கை’ என ஆங்கில மருத்துவ வழக்கு அழைக்கின்றது. ஆனால், அந்நோய்க்கு உள்ளாவோரிற் பெரும்பான்மையினர் ரெனிஸ் விளையாடுவோர் அல்லர். திருகாணி முறுக்குவோர், வர்ணம் பூசுவோர், இறைச்சி வெட்டுவோர், நாள் முழுதும் ஒரே அசைவைத் திரும்பத்திரும்பச் செய்வோர் ஆகியோரே. உழைப்பால் தேய்ந்த உறுப்புக்கு ஓய்வுநேர விளையாட்டின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவ்வுழைப்பாளி, காப்புறுதி ஏற்காத ஒரு சிகிச்சைக்குத் தன் சேமிப்பினின்று பணஞ் செலுத்துங்கால், தான் பெறுவது 1620 கோடியா 90 கோடியா என அறியும் வாய்ப்பு அவருக்கில்லை. பலவேளைகளில் ஊசியேற்றும் வைத்தியருக்கும் இல்லை.

6. சமூகக் காரணங்கள்

இனி, இந்நிலை ஏன் நீடிக்கின்றது எனப் பார்ப்போம். ஒரு மில்லிலீற்றர் தயாரிப்பிலுள்ள சிறுதட்டுகளை எண்ணுவது அரிய செயலன்று. வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் நாளாந்தம் பயன்படும் குருதி எண்ணும் பொறியே, மாதிரியை நன்கு கலக்கி உரிய அளவு ஐதாக்கினால், அதற்குப் போதும். செலவும் அற்பம். எனினும் எண்ணப்படுவதில்லை. அளத்தல் கடினமானது என்பதனால் அன்று. அளக்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை என்பதனாலேயே.

இங்கு விற்கப்படுவது யாது? குருதி நோயாளருடையது. அதனை அவருக்கே திருப்பிக் கொடுக்கின்றனர். விற்பனைப் பண்டமாக இருப்பது குழாய், சல்லடை, பொறி ஆகியன அடங்கிய கருவித் தொகுதியும், அதனைக் கையாளும் வைத்தியரின் உழைப்புமே. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இக்கருவிகளையே பரிசீலிக்கின்றது. அதுவும், ஏற்கெனவே சந்தையிலுள்ள கருவியொன்றுடன் போதியளவு ஒத்தது எனக் காட்டினாற் போதும் என்ற வழியில், பெரும்பாலும் என்பு ஒட்டுடன் கலப்பதற்கெனவே அவை அனுமதி பெற்றுள்ளன. மூட்டிலும் தசைநாணிலும் தோலிலும் செலுத்துவது வைத்தியரின் சொந்தப் பொறுப்பில் நிகழ்வது. ஆகவே கருவி சோதிக்கப்படுகின்றது. கருவியினின்று வெளிவரும் பொருள் சோதிக்கப்படுவதில்லை. ஸ்பெயின் 2013இல் பி.ஆர்.பி.யை மனிதப் பயன்பாட்டுக்குரிய மருந்தாகவே வகைப்படுத்திக் கண்காணிப்புக்கு உட்படுத்தியது. வேறு வழி உண்டு என்பதற்கு இது சான்று.

உற்பத்தி முறை என்ற நோக்கில், பி.ஆர்.பி. ஒரு விநோதக் கலப்பாகும். கருவிகள் பெருந்தொழிற்சாலையில் உற்பத்தியாகின்றன. இறுதிப் பொருளோ ஒவ்வொரு சிகிச்சை நிலையத்திலும் கைவினைஞன் பட்டறையிற்போல ஒவ்வொன்றாகச் செய்யப்படுகின்றது. ஒவ்வொரு நோயாளரின் தயாரிப்பும் ஒரு தனித் தொகுதி. ஆதலால், தொழிற்சாலை மருந்துக்குரிய தொகுதிச் சோதனை இங்கு இல்லை. மறுபுறம், பழைய கைவினைஞனுக்கிருந்த பொறுப்பும் இல்லை. ஏனெனில், ‘கருவி அங்கீகரிக்கப்பட்டது’ என்ற சொல் அவனைக் காக்கின்றது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவியின் தனித்தன்மையை வலியுறுத்த விரும்புமேயன்றி, எல்லாருக்கும் பொதுவான அளவுகோலொன்றின் முன் நிற்க விரும்பாது. போட்டியின் தருக்கம் வேறுபாட்டைப் பேணுகின்றது; விளம்பரத்தின் தருக்கம் ஒரே பெயரைப் பேணுகின்றது.

இதன் கடைக்கோடி விளைவை அழகுச் சந்தையிற் காணலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில், அனுமதிப்பத்திரமற்ற அழகுநிலையமொன்றில் பி.ஆர்.பி. முகச்சிகிச்சை பெற்றோரிடையே எச்.ஐ.வி. தொற்றியமை 2018 முதல் விசாரிக்கப்பட்டு, 2024இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தால் விரிவாக அறிவிக்கப்பட்டது. ‘சொந்தக் குருதி, ஆதலாற் பாதுகாப்பானது’ என்ற கூற்று, சுத்தமும் கண்காணிப்பும் உள்ளவிடத்தே மட்டும் உண்மையாகும்.

7. இன்சுலின் தரும் பாடம்

வேறுபாடு வெல்லப்படக்கூடியது என்பதற்கு மருத்துவ வரலாறே உதாரணந் தருகின்றது. 1922 ஜனவரியில் ரொறொன்ரோவில் முதன்முதலாகச் சிறுவனொருவனுக்குச் செலுத்தப்பட்ட கணையச் சாறு தூய்மையற்றதாயிருந்தமையாற் போதிய பயன் தரவில்லை. கொலிப் என்பார் தூய்மைப்படுத்திய சாறு சில நாள்களின் பின் பயன் தந்தது. ஆனால், அதற்குச் சில மாதங்களுள் கொலிப்பே தம் முறையால் அதனை மீளத் தயாரிக்கவியலாது திண்டாடினார். ஒரு குடுவையின் சாறு போல மற்றொன்று அமையவில்லை. அன்று இன்சுலின் இருந்த நிலை இன்று பி.ஆர்.பி. இருக்கும் நிலையினின்று வெகு தூரத்தில் இல்லை.

அந்நிலையை மாற்றியது எது? தொழினுட்ப முன்னேற்றம் ஒன்று. பொது அளவுகோல் மற்றொன்று. முயலின் குருதி வெல்லத்தில் விளையும் மாற்றத்தைக்கொண்டு அலகு வரையறுக்கப்பட்டது. 1925இல் நாடுகளின் சங்கத்தின் கீழ் இன்சுலினுக்கான முதலாவது சர்வதேச நியமம் நிறுவப்பட்டது. கண்டுபிடித்தோர் தம் உரிமையை ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்கு மாற்றிக்கொடுத்திருந்தமையும், அப்பல்கலைக்கழகம் தரத்தை மேற்பார்வை செய்தமையும் இதற்கு உதவின.

எனினும், இவ்வுதாரணத்தை நாம் இலட்சியமாக்கிவிடலாகாது. நியமப்படுத்தப்பட்ட அதே இன்சுலின் பின்னாளில் மிகச் சில நிறுவனங்களின் கைக்குள் அடங்கி, அமெரிக்காவிலேயே வறிய நோயாளர் அளவைக் குறைத்துப் பயன்படுத்தும் அளவுக்கு விலையேறிற்று. அளவுகோல் பொதுவாவதும் பொருள் பொதுவாவதும் வெவ்வேறு போராட்டங்கள். பி.ஆர்.பி.யைப் பொறுத்தும் இவ்வபாயம் உண்டு. நியமம் என்ற பெயரில் ஒரு நிறுவனத்தின் விலையுயர்ந்த கருவியே சட்டமாகிவிடின், எளிய மையநீக்கப் பொறியுடன் கவனமாகப் பணியாற்றும் அரச வைத்தியசாலையே முதலில் வெளியேற்றப்படும். ஆகவே, நியமிக்கப்படவேண்டியது கருவியன்று; வெளிவரும் பொருளும் அதுபற்றிய பதிவுமே.

8. முடிவுரை

நாம் வேண்டுவது மிகையானதொன்றன்று. எடுத்த குருதியின் அளவு, சேர்த்த எதிர்ப்பொருள், சுழற்சியின் விசையும் நேரமும் வெப்பநிலையும், தொடக்கத்திலும் இறுதியிலும் சிறுதட்டு எண்ணிக்கை, இறுதித் திரவத்தின் அளவு, அதிலுள்ள வெண்குழியமும் செங்குழியமும், தூண்டல் செய்யப்பட்டதா என்பது, செலுத்தப்பட்ட நேரம் ஆகிய இவை ஒரு பக்கத்துள் அடங்கும். ஒவ்வொரு நோயாளரின் ஏட்டிலும் இப்பக்கம் இடம்பெறின், சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான சிகிச்சைகள் தாமே ஒரு பெரும் ஆய்வாக மாறும். எந்த நோய்க்கு, எந்த அளவில், எந்த வகை பயன்படும் என்பதும், எதற்குப் பயன்படாது என்பதும் அப்போது துலங்கும். சில துறைகளிற் சான்று வலுப்பெற்றும் வருகின்றது. ஆறாத நீரிழிவுப் புண்களுக்கு இச்சிகிச்சையை அமெரிக்க முதியோர் மருத்துவக் காப்புறுதி 2021இல் ஏற்றுக்கொண்டமை அதற்கு அறிகுறி. ஆதலால், பி.ஆர்.பி.யை முற்றாக ஏமாற்று என ஒதுக்குவதும், அனைத்தும் தீர்க்கும் அருமருந்தெனப் போற்றுவதும் ஒரே தவறின் இரு முகங்களேயாம். இரண்டும் பெயரைப் பொருளாக மயங்குவன.

பண்டங்களின் உலகில் மனிதருக்கிடையேயான உறவுகள் பொருள்களுக்கிடையேயான உறவுகளாகத் தோன்றும் என்பது நாம் நன்கறிந்த உண்மை. இங்கு அம்மயக்கம் மனிதனின் சொந்தக் குருதிவரை நீண்டுவிட்டது. தன் கையினின்று எடுக்கப்பட்டுத் தன் முழங்காலிற் செலுத்தப்படும் பொருளைப் பற்றி நோயாளரே ஏதும் அறியாதிருக்கின்றார். ‘இதில் எவ்வளவு இருக்கின்றது?’ என்று அவர் வினவுவாராயின், அவ்வினாவுக்கு எண்ணால் விடை கூறவேண்டிய கடமை வைத்தியத்துக்கு உண்டு. விடை கூறும் வசதி இன்று உள்ளது. அதனைக் கட்டாயமாக்கும் சமூக விருப்பம் தான் இன்னும் உருவாகவேண்டியுள்ளது.